பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏன் இத்தனை குறைகள்?

போன மாதம் ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்தியிருந்தோம். மலை ஏறுவதற்கு முன் பின்சக்கரத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான். என் அக்கா மகனுக்கு இப்போதுதான் பழைய கார்கள் மேல் ஆசை பிடித்திருக்கிறது. அவன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, சக்கரம் என்ன இப்படி உள்ள மடங்கிக் கெடக்கு? ஒடஞ்சு போச்சா?"

உடையவில்லை. அந்த வண்டியைத் தூக்கினால் பின்சக்கரங்கள் இரண்டும் அப்படித்தான் தொங்கும், மேல்பக்கம் வெளியே சாய்ந்து, அடிப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு. கீழே இறக்கி, நாலு அடி முன்னும் பின்னும் உருட்டினால் பழையபடி நிமிர்ந்துவிடும். அதை அவனுக்குச் செய்தே காட்டினேன். ஆனால் அடுத்து அவன் கேட்ட கேள்விக்கு ரோட்டோரத்தில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. "இத்தன பேரு கொண்டாடுற வண்டிங்க. அப்புறம் ஏன் மாமா ஒவ்வொண்ணுலயும் ஒரு கோளாறு சொல்றாங்க?"

அவனுக்காகவும், அவனைப் போலப் புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

குறை என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது மூன்று இடங்களில் பிறக்கிறது. முதலாவது வரைபட மேசை. அங்கே எடுத்த ஒரு முடிவே குறையாக வந்து நிற்கும். அந்த மாடலில் எத்தனை வண்டி இருக்கிறதோ அத்தனையிலும் அது இருக்கும். இரண்டாவது தொழிற்சாலை. வரைபடம் சரியாக இருந்தாலும் செய்த கை, செய்த நாள், கிடைத்த தகடு இவற்றால் வருவது. வண்டிக்கு வண்டி மாறும். மூன்றாவது, அதன்பின் வண்டி வாழ்ந்த வாழ்க்கை: மழை, துரு, கை மாறிய பட்டறைகள். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலும் காசு வீணாகிறது. வரைபடத்திலேயே இருக்கும் குறையைப் புது உதிரிபாகம் போட்டுப் போக்கப் பார்ப்பார்கள், போகாது. எங்கோ ஓர் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். அதை "இந்த வண்டியே இப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். பத்து நிமிட வேலை அது.

சரி, அந்த மடங்கிய சக்கரத்துக்கே வருவோம். வரைபடக் குறை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் லாரியின் பின்பக்கத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே கெட்டியான ஹவுசிங், நடுவில் உருண்டையாக, இன்ஜினின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். உறுதியான அமைப்பு, ஆனால் கனம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுசக்கரமும் சேர்ந்து சாயும். இதைத் தவிர்க்க, டிஃபரன்ஷியலை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு இறுக்கிப் பிணைத்துவிட்டு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்சிலைத் தனித்தனியாக மேலும் கீழும் அசையவிட்டார்கள். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர்.

உடம்பாலேயே செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, இரண்டு பக்கமும் சுவரைத் தள்ளுவதுபோல உள்ளங்கைகளை நிறுத்துங்கள். தோள்தான் டிஃபரன்ஷியல் பக்கத்து ஜாயிண்ட். கை ஆக்சில், உள்ளங்கை சக்கரம். இப்போது கைகளைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். விரல் நுனிகள் வெளியே சாய்கின்றன, உள்ளங்கையின் அடிப்பகுதி உள்ளே வருகிறது. தோளில் மட்டும் மடங்கும் கைக்கு வேறு வழியே இல்லை. ஹெரால்டைத் தூக்கியபோது நாங்கள் பார்த்தது இதைத்தான்.

நிற்கும் வண்டியில் இது வேடிக்கை. வளைவில் வேகமாகத் திரும்பும் வண்டியில் அப்படி இல்லை. வளைவின் வெளிப்பக்கத்துச் சக்கரத்தின் மேல்தான் பாரம் முழுவதும் விழும். ரோடு அந்தச் சக்கரத்தை வளைவின் உட்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளல் சாய்ந்த ஆக்சில் வழியாகப் போய் வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்பக்கம் எழுந்தால் சக்கரம் உள்ளே மடங்கும். மடங்கினால் டயரின் ஓரம் மட்டும் ரோட்டில் பதியும். பிடிப்பு திடீரென்று விட்டுப்போகும். இந்த நேரத்தில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ நிலைமை இன்னும் கெடும். பாரம் முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் எழும். வால் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் காலை அழுத்திக்கொண்டேதான் திரும்புவோம், பின்பக்கம் நன்றாக அமர்ந்திருக்கும். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். நம் ஊர் டிரைவர்கள் காலம் காலமாகச் சொல்வதுதான் இதற்கும் மருந்து: ஏறிய கியரிலேயே இறங்கு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் கூடாது, ஆக்சிலரேட்டரில் கால் லேசாகப் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அகலமான புது டயர் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிடிப்பு கூடினால் பக்கவாட்டுத் தள்ளலும் கூடும். சக்கரம் இன்னும் சுலபமாக மடங்கும்.

இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் கம்பெனி வரைந்த ஹெரால்டு குடும்பக் கார்தான், ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் அதன் அமைப்பைச் சுருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஒரே ஆள், இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. குடும்பக் காரில் யாரும் தொடாத எல்லையை ஸ்போர்ட்ஸ் காரில் இளவட்டங்கள் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் அங்கே குறை பெரிதாகத் தெரிந்தது. 1970-ல் வந்த நான்காவது ஸ்பிட்ஃபயரில் ஆக்சிலை மாற்றாமல், குறுக்கே கிடக்கும் பிளேட் ஸ்பிரிங்கை நடுவில் ஊசலாட விட்டார்கள். சக்கரம் மடங்குவது பெருமளவு அடங்கியது. நம் சென்னையில் எடுத்த முடிவு வேறு. 1961 முதல் இங்கே ஹெரால்டு செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி, 1972-ல் அதையே மாற்றி கெஜல் என்று கொண்டுவந்தபோது, ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு லாரியில் இருப்பதுபோன்ற ஒரே கெட்டி ஆக்சிலைப் போட்டது. நம் மெக்கானிக்குகளின் கைக்குப் பழகியது அதுதான்.

இங்கிலாந்தில் ஹெரால்டை வரைந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். மற்ற கம்பெனிகள் சேஸே இல்லாத முழுத் தகட்டுக் கூடுகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டின் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக்கூட்டை ஒரே இடத்தில் வாங்க வழியில்லை. அதனால் தனிச் சேஸ் ஒன்றைச் செய்து, பல இடங்களில் அடித்த தகடுகளை அதன்மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். அந்தச் சேஸுக்குச் செலவு குறைவாகப் பொருந்தியது ஸ்விங் ஆக்சில். அதே தனிச் சேஸ் ஒரு வரத்தையும் கொடுத்தது. முன்சக்கரங்கள் வெகுவாகத் திரும்பும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். இன்றைய பெரிய கார்கள் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திணறும் கொண்டை ஊசி வளைவில் ஹெரால்டு அலுங்காமல் திரும்புவதை அன்றைக்கு நாங்கள் பார்த்தோம். நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் வரைபடக் குறை பெரும்பாலும் தனியாக வராது. நாம் அந்த வண்டியில் எதை விரும்புகிறோமோ அதே முடிவின் மறுபக்கமாக வந்து நிற்கும்.

போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் உற்பத்திக்கு வந்தது. இன்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னால், ஏறக்குறைய பம்பருக்குள். பின்சக்கரத்தின்மேல் பாரம் இருப்பதால் கிளம்பும்போது பிடித்துத் தள்ளும் இழுவை அபாரமாக இருக்கும். அதே பாரம் வளைவில் ஒரு முறை அசைந்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் எப்படி இழுக்கும், அப்படித்தான். ஆரம்ப கால வண்டிகளில் முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு ஓடியதால், முன் பம்பரின் இரண்டு மூலையிலும் தலா 11 கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்தார்கள்! எடை குறைக்கத்தான் ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்கள் பாடுபடுவார்கள். அவர்களே பாரம் ஏற்றியிருக்கிறார்கள் என்றால் பிரச்சினை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும். பிறகு 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது, சக்கரம் அதை நோக்கிப் போனது. இன்றைக்கும் 911-ன் இன்ஜின் பின்னால்தான் இருக்கிறது.

மெர்சிடிஸ் 300 எஸ்எல்லின் கதவுகள் மேல்நோக்கித் திறப்பதை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1954-ல் வந்த அந்தக் காருக்குள் மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த சட்டம் இருந்தது. உறுதிக்காக அந்தக் குழாய்களைக் கதவின் பாதி உயரம் வரை கொண்டுவர வேண்டியிருந்தது. சாதாரணக் கதவுக்கு இடமில்லை, கூரையிலிருந்து வெட்டினார்கள். உள்ளே ஏறுவது சிரமம், கண்ணாடியும் கீழே இறங்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்குள் உட்காருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் உலகத்தின் மிக அழகான கதவு எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

ஜாகுவார் இ-டைப், 1961. பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இருக்காது, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். சக்கரத்தின் கனம் குறைந்தால் மேடுபள்ளத்தில் வண்டி மெத்தையாகப் போகும், அதற்காகச் செய்தது. அதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், பிரேக்கின் சூடு அங்கேயே தேங்கி, டிஃபரன்ஷியலில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை (ஆயில் சீல்) வேகவைக்கும். பேட் மாற்ற வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போராட வேண்டும்.

சூடு என்றதும் மலைப்பாதைக்காரர்களுக்கு ரேடியேட்டர் நினைவுக்கு வந்திருக்கும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி மலையில் கொதித்தால் எல்லாப் பழியும் வரைபடத்தின்மேல் விழுகிறது. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். திறந்த பாத்திரத்தில் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அதற்கு மேலும் கொதிக்காமல் தாங்குகிறது. அந்த மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து போயிருந்தால் எந்த நாட்டு வண்டியும் கொதிக்கும். அப்புறம், பழைய வண்டியின் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது. இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதற்கேற்பத்தான் ஃபேனும் சுற்றும். மூன்றாம் கியரிலேயே முக்கி முனகி ஏறினால் இன்ஜினுக்கு வேலை அதிகம், காற்று குறைவு. இரண்டுக்கு இறக்கினால் சூடு காட்டும் முள் தானாகக் கீழே வரும். ஏற ஏறக் காற்றின் அடர்த்தியும் குறைகிறது, சேலத்தை விட ஏற்காட்டில் பத்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைச் சேலத்தில் டியூன் செய்திருந்தால், அது மேலே பெட்ரோலை அதிகமாக ஊற்றுவதுபோல ஆகிவிடும். வண்டி மூச்சு வாங்கும், கரும்புகை கக்கும். இதில் எதுவும் குறை இல்லை. வண்டியைச் செய்தவர்கள் வேறு ஊரை மனதில் வைத்துச் செய்தார்கள், அவ்வளவுதான். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஐந்து நிமிடம் நிழலில் நிறுத்தி, மறுபடி கிளப்பிக்கொண்டு போன பழைய டிரைவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சூட்டில் பெட்ரோலே ஆவியாகிப் பம்புக்குள் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணி அதை மறுபடி திரவமாக்கும்.

உண்மையான சூட்டுக் குறைக்கு உதாரணம் வேண்டுமானால் 1970-ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்டாக். எட்டு சிலிண்டர் இன்ஜின், காதுக்கு இனிய சத்தம். வாட்டர் பம்பை இன்ஜினின் மேல்பக்கத்தில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் காற்றைத்தான் சுற்றும். இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிடும். இது வரைபடம். கூடவே, இன்ஜினை வார்க்கும்போது அச்சிலிருந்த மணலைச் சரியாகக் கழுவாமல் சில வண்டிகளை அனுப்பிவிட்டார்கள். அது நாளடைவில் ரேடியேட்டரை அடைத்தது. இது தொழிற்சாலை. இரண்டு குறையும் ஒரே வண்டியில், ஒரே அறிகுறியோடு. பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் பம்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

தொழிற்சாலைக் குறையைப் புரிந்துகொள்ள நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளைப் பாருங்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேஸ் வரும். கேபினும் பாடியும் இங்கே கட்டுவது. ஒரே பட்டறையில், ஒரே வாரத்தில் கட்டிய இரண்டு லாரிகளின் கதவை மாற்றி மாட்டினால் சேராது. அந்தக் கதவு அந்த வண்டிக்கென்று தட்டியது. 1950-களிலும் 60-களிலும் இத்தாலியில் ஃபெராரி போன்ற கார்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தன. சேஸும் இன்ஜினும் ஓரிடம், பாடி வேறிடம். அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தார்கள். இடது மட்கார்டையும் வலது மட்கார்டையும் அளந்தால் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். கதவுச் சந்து மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் போகும். இன்று இந்தக் கார்களைப் புதுப்பிக்கும் சிலர் அந்தச் சந்துகளை நூல் பிடித்ததுபோல ஒரே அளவாக ஆக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கொல்லனின் கை அந்த வளைவில் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரும் திருப்பித் தராது. கதவு சாத்த முடியவில்லை, மழை ஒழுகுகிறது என்றால் சரிசெய்யத்தான் வேண்டும். கண்ணுக்கு மட்டும் தெரியும் கோணலை விட்டுவிடலாம்.

மின்சாரத்தில் விடக்கூடாது. இரும்பு பாடி உள்ள வண்டியில் விளக்குக்கு ஒரு ஒயர்தான் போகும்; திரும்பி வரும் வழி வண்டியின் பாடியே. அதைத்தான் எர்த் என்கிறோம். விளக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் மின்சாரம் வேறு வழி தேடும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மினுக்கும். பிரேக் மிதித்தால் பார்க்கிங் விளக்கு அணையும். பேய் பிடித்ததுபோல இருக்கும், ஆனால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் தீர்ந்துவிடும். லோட்டஸ் எலான், கார்வெட் போன்ற ஃபைபர் பாடி வண்டிகளில் பாடி வழியாக மின்சாரம் போகவே போகாது. அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். எலானில் இன்னொரு விசேஷம் உண்டு. படுத்துக்கிடக்கும் ஹெட்லைட்டுகளை இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்புதான், அதாவது வேக்கம்தான், எழுப்பி நிறுத்தும். அந்த வேக்கத்தைச் சேமித்து வைக்கும் இடம் சேஸின் முன்பக்கக் குறுக்குச் சட்டம். சட்டம் துருப்பிடித்து ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும், விளக்குகள் தூங்கி வழியும். விளக்கு சரியில்லை என்று வந்தவர் சேஸை வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும்.

துரு மூன்றாவது வகையில் சேரும் என்றாலும் அதற்கும் வரைபடத்தில் ஒரு வேர் இருக்கிறது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குள் தண்ணீர் இறங்கும். வெளியேற வழி அடைத்திருக்கும். ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ல் இரும்புக் குழாய்களின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் பொடிந்து போகும். 911 பாடிக்கே 1976 மாடலில்தான் துத்தநாகப் பூச்சு வந்தது. ஏற்காட்டு மூடுபனியில் கார் வைத்திருப்பவர்கள் மேல்துணி போட்டு இறுக்கி மூடாமல் காற்றாட நிறுத்துவது நல்லது.

ஆனால் என் அனுபவத்தில், வாங்குகிறவரை ஏமாற்றும் குறை இந்த எதிலும் இல்லை. பழுது பார்த்தவர்கள் மறைத்து வைத்ததில்தான் இருக்கிறது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க இரண்டு நாள் டிங்கரிங் வேலை. அதன்மேல் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் அரை நாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதனால் மலையிலிருந்து இறங்கிய மறுநாள், அவனுக்கு விலைக்கு வந்திருந்த ஒரு சிவப்பு வண்டியைப் பார்க்கப் போனபோது, ஒரு சின்னக் காந்தத்தைப் பழைய பனியன் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காகத்தான் துணி. கதவுக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் மெதுவாக இழுத்துக்கொண்டே போனான். தகட்டைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. பின்சக்கர வளைவுக்கு ஒரு சாண் முன்னால் பிடி தளர்ந்து, துணியோடு தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனான்.